தரமணியில் பிறந்த பிள்ளைக்கு வடக்கத்திப் பெயரா?

வேளச்சேரியின் பழம்பெயர் வெளிச்சேரி. சோழர் காலக் கல்வெட்டுகள் அவ்வாறே குறிக்கின்றன. பின்னாளில் கோயிற்கதை கட்டியோர், அது 'வேதசிரேணி' என்னும் வடசொல்லின் திரிபென்று கூசாமல் கூறினர். ஊரார் வாயில் அப்பெயர் ஒருநாளும் ஏறியதில்லை.

கதை கட்டியோர் மறைந்தனர். அவர்தம் வழக்கம் மறையவில்லை. வேளச்சேரியை அடுத்த தரமணியில் நடுவணரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கணிப்பொறி இயங்குதளம் 'பாசு' இலினக்சு. தன்னார்வலர் பலர் கூடி ஆக்கிய தெபியனை அடிப்படையாகக் கொண்டு, அது 2007இல் வெளிவந்தது. தமிழக மாணவர்க்கு வழங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினிகளிலும் இடம்பெற்றது. ஐந்தாம் பதிப்பு முதல் அதற்குச் சூட்டிய பெயர்களைக் கேளுங்கள்: அனோக்கா, அனூப், திருட்டி, உன்னதி, ஊர்சா, பிரக்யா! இவ்வாறனுள் ஒன்றேனும் தமிழா?

கணிப்பொறிக்குத் தமிழ் ஒவ்வாது என்பார் உடனே எழுவர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. தெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்படுகிறது. பொதியின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்தும், எண்ணும், கூட்டல் கழித்தல் குறிகளும், புள்ளியுமே வரலாம். சப்பானியர்க்கும் உருசியர்க்கும் இதே வரையறைதான். இதனைத் தமிழ்ப்பகை என்பது அறியாமை. ஆயினும், தமிழ் எழுத்துருக்களைத் தாங்கிய பொதியின் பெயரிலேயே தமிழ் என்பது டி, ஏ, எம், எல் என நான்கெழுத்தாய்ச் சுருங்கி, ழகரம் இழந்து நிற்பதைக் காணும் நெஞ்சம் நோகாதிருக்குமா?

ஆனால், அவ்வரையறை பொதிப் பெயரோடு முடிந்தது. பொதியின் விளக்கவுரையைத் தமிழில் எழுதலாம். திரையில் தோன்றும் மென்பொருட் பெயரையும் தமிழில் தரலாம். உள்ளே உரோமன் குறியீடு, வெளியே தமிழ் என்னும் இம்முறையில்தான் .இலங்கை, .சிங்கப்பூர் என்னும் இணைய முகவரிகள் ஓடுகின்றன.

பதிப்புப் பெயருக்கோ எவ்வரையறையும் இல்லை. தெபியன்காரர் தம் பதிப்புகளுக்குத் திரைப்படப் பொம்மைகளின் பெயரை இட்டு மகிழ்கின்றனர்! பொம்மைக்குக் கிடைத்த இடம், பிறந்த மண்ணின் மொழிக்கு ஏன் கிடைக்கவில்லை? இங்கே தடுத்தது கணிப்பொறியன்று, பெயரிட்டோர் மனம்.

சி-டாக்கில் பணியாற்றும் தமிழர் வாய்திறந்து கேட்கட்டும். இனி வரும் பதிப்பொன்றுக்கு, ஆக்கிய இடத்தை அடுத்த ஊரின் பெயரையே இடலாமே: வெளிச்சேரி!