ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தச் சோறு யார் வீட்டுப் பானையில எடுத்தது?



போன வாரம் நம்ம ஐ.டி. விங் கூட்டத்துல, "வானொலி பத்தி ஒரு பதிவு போடலாமா அண்ணே?"ன்னு கேட்டேன். பக்கத்துல இருந்த அண்ணன் சிரிச்சுட்டார். "யாருப்பா இப்ப ரேடியோ கேக்குறா? ஒரு ரீல்ஸ் போடு, அதுவாவது ஓடும்"ன்னார்.

நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "யாரும் கேக்கலைன்னு யார் அண்ணே அளந்து பார்த்தா?"

அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். தேடத் தேடத்தான் கோபம் வந்துச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

டி.வி.க்கு டி.ஆர்.பி. இருக்குறது எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி வானொலிக்கும் நேயர் கணக்கு எடுக்க 2007-ல ஒரு ஏற்பாடு வந்துச்சு. டாம் நிறுவனம் தொடங்கின அதுக்குப் பேரு 'ராம்'. தேர்ந்தெடுத்த ஆட்கள் கையில ஒரு டைரி கொடுப்பாங்க. எந்த நேரத்துல எந்த நிலையம் கேட்டீங்கன்னு அதுல குறிக்கணும். எந்தெந்த ஊர்ல எடுத்தாங்க தெரியுமா? டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு. அவ்வளவுதான். நாலே நாலு நகரம்.

தஞ்சாவூரை விடுங்க, திருச்சியை விடுங்க. அந்தப் பட்டியல்ல சென்னையே கிடையாது!

நான் எஞ்சினியரிங் படிச்சவன். ப்ராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வெச்சு க்ளியர் பண்ணவன்னும் வெச்சுக்கோங்க. ஆனாலும் இது எனக்குப் புரியும். மாதிரி எடுத்து அளக்குறது தப்பே இல்ல. நம்ம பாட்டிங்க செஞ்சதும் அதைத்தான்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனா அந்த ஒரு சோறு அந்தப் பானையிலேருந்து வரணும். மும்பைப் பானையில ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துட்டு, மன்னார்குடி பானை வெந்துச்சா வேகலையான்னு எப்படிச் சொல்வீங்க?

"சரி தம்பி, கணக்கு எடுக்கலைன்னா நமக்கு என்ன நஷ்டம்?"னு கேக்கலாம். நியாயமான கேள்வி.

விளம்பரம் கொடுக்குறவங்க முதல்ல கேக்குறது நம்பர். நம்பர் இல்லாத ஊருக்குக் காசு வராது. காசு வராத ஊருக்கு நிகழ்ச்சி தயாரிக்க ஆள் போட மாட்டாங்க. ஆள் இல்லைன்னா எங்கேயோ தயாரிச்சதை இங்கே அப்படியே ஓட விடுவாங்க. அதுல நம்ம ஊர் விஷயமே இல்லாததால நாம கேக்குறதை விட்டுடுவோம். கடைசியில, "பார்த்தீங்களா, அங்க யாருமே ரேடியோ கேக்கல"ன்னு நம்ம மேலயே பழி. வாய்க்காலை அடைச்சிட்டு, வயல் காஞ்சிருக்குன்னு குறை சொல்ற கதைதான் இது.

டெல்டாவுக்கு இந்தக் கதி ஏன் பொறுக்க முடியாததுன்னு சொல்றேன்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல தொடங்குச்சு. 1960-கள்ல தஞ்சாவூர் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துல இருந்த நேரம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துலேருந்து ஏ.டி.டி. 27-ன்னு ஒரு குறுகிய கால ரகம் வந்துச்சு. குருவைக்கு ஏத்தது. திருச்சி வானொலி விடாம அதைப் பத்திப் பேசுச்சு. எப்படி நாத்து விடணும், எப்ப உரம் போடணும்னு விவசாயி மொழியிலேயே சொல்லுச்சு. ரகம் டெல்டா முழுக்கப் பரவுச்சு. நம்ம விவசாயிங்க அதுக்கு வெச்ச பேரு என்ன தெரியுமா? 'ரேடியோ நெல்'!

யோசிச்சுப் பாருங்க. ஒரு நெல்லுக்கே வானொலிப் பேரு வெச்ச மண்ணுங்க இது. அன்னைக்கு டைரியும் இல்ல, ரேட்டிங்கும் இல்ல. எத்தனை பேர் கேட்டாங்கன்னு வயலைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டாங்க.

"அது தாத்தா காலம், இப்ப யூடியூப் இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். 2023 பிப்ரவரி தொடக்கம். சம்பா அறுவடைக்கு நிக்குது. பருவம் தவறி மழை கொட்டுச்சு, டெல்டா முழுக்கக் கதிர் சாஞ்சுது. அந்த நாட்கள்ல எங்க பெரியப்பா போனுக்கு மணிக்கு நாலு ஃபார்வர்டு. ஒண்ணு புயல்ங்குது, இன்னொண்ணு பயப்படாதீங்கங்குது, மூணாவது போன வருஷத்து வீடியோ. அவர் என்கிட்ட கேட்டது: "தம்பி, உலக மழையெல்லாம் சொல்றான். நம்ம ஊருக்கு உண்டா இல்லையா? அறுக்கலாமா, ரெண்டு நாள் பொறுக்கலாமா?"

கையில ஸ்மார்ட்போன் வெச்சிருக்குற எஞ்சினியர் என்னால அதுக்குப் பதில் சொல்ல முடியல.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உள்ளூர் வானொலி வேணும். மேட்டூர்ல எவ்வளவு தண்ணி விடுறாங்க, நம்ம வாய்க்காலுக்கு முறை எப்ப, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல எடுப்பாங்களா, புகையான் எந்தப் பக்கம் அடிச்சிருக்கு... இதெல்லாம் டெல்லிக்குச் செய்தியே இல்ல. நமக்கு இதுதான் சோறு.

2018 நவம்பர் 16 கஜா ராத்திரியை டெல்டாக்காரங்க யாராவது மறந்திருப்பீங்களா? கரண்டு இல்ல, டவர் இல்ல, போன் வெறும் டார்ச் லைட்டு. பேட்டரி போட்ட ரேடியோவுக்கு டவரும் வேணாம், டேட்டா பேக்கும் வேணாம்.

நல்ல உதாரணமும் நம்மகிட்டயே இருக்கு. பாம்பன்ல 'கடல் ஓசை' சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடக்குது. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில 'களஞ்சியம்' இருக்கு. வல்லத்துல பெரியார் சமுதாய வானொலி இருக்கு. திருச்சி வானொலியில இன்னைக்கும் விவசாய நிகழ்ச்சி வருது, திருவையாறு ஆராதனையை நேரலையா கொடுக்குறாங்க. அங்க வேலை பாக்குறவங்க மேல நமக்கு ஒரு குறையும் இல்ல. குறை மேல உக்காந்து முடிவெடுக்குறவங்க மேலதான்.

2021-ல என்ன நடந்துச்சு? தமிழ்நாட்டு நிலையங்களோட தனி நிகழ்ச்சிகளைக் குறைச்சு, மாநிலம் முழுக்க ஒரே ஒலிபரப்பா மாத்தப் போறாங்கன்னு செய்தி வந்துச்சு. கட்சி வேறுபாடு பார்க்காம எதிர்ப்பு வந்துச்சு. திருச்சிக்கு ஒரு பேச்சு, நெல்லைக்கு ஒரு பேச்சு, கோவைக்கு ஒரு பேச்சுன்னு இருக்குறதுதானே நம்ம தமிழோட அழகு? அதை ஒரே அச்சுல ஊத்துறதுக்குப் பேரு சிக்கனமா?

இப்போ புதுசா ஒண்ணு. 2024 ஆகஸ்ட்ல ஒன்றிய அமைச்சரவை 234 புது ஊர்கள்ல 730 எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்துச்சு. அந்தப் பட்டியல்ல நம்ம தஞ்சாவூரும் இருக்கு. தாய்மொழி, உள்ளூர்ப் பண்பாடு வளரும்னு அறிவிச்சாங்க. சந்தோஷம்! ஆனா இப்ப இருக்குற விதிப்படி ஒரு நிறுவனம் தன்னோட ஒரு ஊர் நிகழ்ச்சியை இன்னொரு ஊர்லயும் ஓட்டலாம். தஞ்சாவூர்னு லைசென்ஸ் வாங்கி, எங்கேயோ ஒரு ஸ்டூடியோவுல பேசுறதை இங்க ஒலிபரப்பினா, பெரிய கோயில் படம் போட்ட போர்டு மட்டும்தான் உள்ளூர். சொந்தமா செய்தி சொல்லவும் தனியார் எஃப்.எம்.க்கு அனுமதி இல்ல, வானொலிச் செய்தியைத்தான் அப்படியே எடுத்து ஒலிபரப்பணும். மணிக்கு 10 நிமிஷம் செய்திக்கு அனுமதி கொடுக்கலாம்னு 2023 செப்டம்பர்லயே டிராய் பரிந்துரை பண்ணிடுச்சு.

அதனால நம்ம கோரிக்கைகள் தெளிவா:

1. நேயர் கணக்கெடுப்பு நாலு பெருநகரத்தோட நிக்கக் கூடாது. சிறு நகரமும் கிராமமும் வரணும். முடிவை எல்லாரும் பார்க்குற மாதிரி வெளியிடணும்.

2. தஞ்சாவூர் உட்பட புது எஃப்.எம். உரிமங்கள்ல தினமும் இத்தனை மணி நேரம் உள்ளூர்லயே தயாரிக்கணும்னு நிபந்தனை வேணும்.

3. திருச்சி, காரைக்கால் நிலையங்களோட உள்ளூர் நேரத்துல கை வைக்கக் கூடாது.

4. டிராய் சொன்ன 10 நிமிஷச் செய்தி அனுமதியைச் சமுதாய வானொலிக்கும் சேர்த்துக் கொடுக்கணும்.

5. போன்ல இருக்குற எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாதுன்னு 2023 ஏப்ரல்ல ஒன்றிய அரசே அறிவுறுத்துச்சு. அதைக் கட்டாயமாக்கணும்.

கடைசியா நம்ம ஆட்களுக்கு, குறிப்பா ஐ.டி. விங் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாமளும் இதே தப்பைப் பண்றோம். ஒரு பதிவுக்கு லைக் வரலைன்னா, அந்த விஷயத்துல மக்களுக்கு ஆர்வமே இல்லைன்னு முடிவு கட்டிடுறோம். நாத்து நடுற பெரியம்மா நமக்கு லைக் போட்டதே இல்ல. ஆனா வாக்குச்சாவடியில முதல் ஆளா வரிசையில நிக்கிறது அவங்கதான். அளவுகோலுக்கு எட்டாதவங்களை ஆளே இல்லைன்னு சொல்றது டெல்லி பண்ணாலும் தப்பு, நாம பண்ணாலும் தப்பு.

அதனால ஒரு வேலை. இந்த ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு கிளையிலும் இருபது வீட்டுக்குப் போங்க. டீக்கடை, பம்புசெட், களத்து மேடு எங்க வேணும்னாலும் கேளுங்க. மூணே கேள்வி: ரேடியோ கேக்குறீங்களா? எந்த நேரத்துல? என்ன சொன்னா கேப்பீங்க? நோட்டுல எழுதி ஒன்றியப் பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. "கேக்குறதில்லை"ன்னு சொன்னா அதையும் அப்படியே எழுதுங்க, மாத்தி எழுதாதீங்க. இது பெரிய அறிவியல் ஆய்வு இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா நம்ம எம்.பி. கையில கொடுக்க, நம்ம பானையிலேருந்து எடுத்த ஒரு சோறாவது இருக்கும்.

முதல்ல எங்க பெரியப்பா வீட்டுலேருந்து ஆரம்பிக்கிறேன். அவர் என்ன கேப்பார்னு எனக்கு இப்பவே தெரியும்: "நம்ம ஊருக்கு உண்டா இல்லையா?"

பகிருங்கள் சொந்தங்களே!

#டெல்டாவின்_குரல் #எங்கள்_வானொலி_எங்கள்_உரிமை #ரேடியோநெல்