ஒரு சவாரிக்கு 16 ஆட்டோவா?

ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின நாள் சர்வர் மெதுவாகுது. உடனே நம்மில் பலர் செய்யுறது ஒண்ணுதான்: குனிகார்ன் கட்டளையில் வொர்க்கர் எண்ணிக்கையை 4-ல இருந்து 16 ஆக்கிடுவோம். ஆள் கூடினா வேலை சீக்கிரம் முடியும்ங்கிற கணக்கு. இந்தப் பழக்கத்தை நாம விடணும்ங்கிறது என் கருத்து. வொர்க்கர் வேலை செய்யுறதுக்கு மட்டும் இல்லை, வேலையே இல்லாம எழுந்து பார்த்துட்டுத் திரும்பத் தூங்குறதுக்கும் செலவு இருக்கு.

உள்ளே என்ன நடக்குதுன்னு பாருங்க. பல ப்ராசஸ்களா ஓடுற சர்வர்ல, மாஸ்டர் ப்ராசஸ் ஒரு போர்ட்டைத் திறந்து வெச்சுட்டு ஃபோர்க் பண்ணி வொர்க்கர்களை உருவாக்குது. எல்லா வொர்க்கரும் அதே சாக்கெட்டைக் கவனிச்சபடி தூங்குது. அவை நேரா அக்செப்ட் அழைப்பில் காத்திருந்தா, லினக்ஸ் பல வருஷமாவே ஒண்ணை மட்டும்தான் எழுப்புது. ஆனா செலக்ட், ஈபோல் மாதிரியான வழியில் காத்திருந்தா, ஒரு கனெக்‌ஷன் வந்ததும் தூங்குற அத்தனையும் எழும். ஒரு வொர்க்கருக்குத்தான் அது கிடைக்கும். மத்ததெல்லாம் 'ஈஅகெய்ன்' பிழையை, அதாவது 'இப்ப ஒண்ணும் இல்லை, அப்புறம் வா'ங்கிற பதிலை வாங்கிக்கிட்டுத் திரும்பிப் போகும். ஸ்டாண்டுக்கு ஒரு சவாரி வந்தா 16 ஆட்டோக்காரரும் ஓடி வர்ற மாதிரி. இதைத்தான் 'தண்டரிங் ஹெர்ட்'னு சொல்றாங்க. ஓஎஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச், அது இங்கே ஒவ்வொரு வீண் விழிப்புக்கும் நடக்குது.

இதுக்குத் தீர்வு இல்லாம இல்லை. என்ஜின்எக்ஸ் முதல்ல 'அக்செப்ட் மியூடெக்ஸ்'னு ஒரு பூட்டு வெச்சது. பூட்டு யார் கையில் இருக்கோ அந்த வொர்க்கர் மட்டும் வாசலைப் பார்க்கும். மத்தது அதிகபட்சம் 500 மில்லி செகண்ட் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணும். 2016-ல லினக்ஸ் 4.5 'ஈபோல் எக்ஸ்க்ளூசிவ்' கொடியைக் கொண்டு வந்தது. எல்லாரையும் எழுப்பாதே, ஒருத்தர் எழுந்தா போதும்னு கெர்னல்கிட்டயே சொல்லிடலாம். அதே வருஷம் என்ஜின்எக்ஸ் 1.11.3 அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சு, பழைய பூட்டை டீஃபால்ட்டா அணைச்சு வெச்சது. ஆனா பழைய டுடோரியல்களைப் பார்த்து 'அக்செப்ட் மியூடெக்ஸ் ஆன்'னு இன்னமும் காப்பி பண்றவங்க இருக்காங்க. புது கெர்னல்ல அது தேவையே இல்லை.

இன்னொரு வழி ரீயூஸ்போர்ட். லினக்ஸ் 3.9-ல 2013-ல வந்தது, என்ஜின்எக்ஸ் 1.9.1 2015-ல அதை ஏத்துக்கிச்சு. இதுல ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனி வரிசை. எந்தக் கனெக்‌ஷன் எந்த வரிசைக்குன்னு கெர்னல் ஒரு ஹேஷ் கணக்குப் போட்டு அனுப்பிடும். வீண் விழிப்பு அறவே கிடையாது. அப்போ இதுதான் பெஸ்ட்டா? ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரை நினைச்சுப் பாருங்க. உங்களுக்கு முன்னாடி நிக்கிறவர் சில்லறைக்காகச் சண்டை போட்டா, பக்கத்து கவுன்டர் காலியா இருந்தாலும் நீங்க நகர முடியாது. ஒரு வொர்க்கர் பெரிய டேட்டாபேஸ் வினவலில் மாட்டினா, அதோட வரிசையில் விழுந்த எல்லாரும் காத்திருக்கணும். கிளவுட்ஃபிளேர் பொறியாளர்கள் 2017-லயே இந்தப் பிரச்சனையை விளக்கி எழுதியிருக்காங்க. பொது வரிசை, ஒரு நேரத்தில் ஒரு விழிப்பு: நம்ம அளவு ப்ராஜெக்டுக்கு இதுதான் பொருத்தம்னு நான் நினைக்கிறேன். அதுலயும் குறை உண்டு. கூட்டம் குறைவா இருக்கும்போது ஒரே வொர்க்கர்கிட்ட வேலை குவியும். நீண்ட நேரம் திறந்தே இருக்கும் கனெக்‌ஷன்கள் இருந்தா அதையும் கவனிக்கணும்.

'ஒரு விழிப்புக்குச் சில மைக்ரோ செகண்ட், டேட்டாபேஸுக்குப் பல மில்லி செகண்ட். இதைப் போய்ப் பேசணுமா?'ன்னு நீங்க கேட்கலாம். 4 வொர்க்கர்னா நானும் ஒத்துக்குறேன், பேச வேண்டாம். அதோட, கூட்டம் உச்சத்துல இருக்கும்போது எல்லா வொர்க்கரும் வேலையில் இருக்கும். தூங்குறதே குறைவு, அதனால வீணும் குறைவு. ஆனா நாம வாங்குறது ஒரே கோர் உள்ள விலை குறைஞ்ச விர்ச்சுவல் மெஷின். அதுல 16 வொர்க்கரை ஏத்தினா, எல்லாம் அந்த ஒரே கோருக்குத்தான் அடிச்சுக்கும், மெமரியும் போகும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளுக்குக்கூட 4 முதல் 12 வொர்க்கர் போதும்னு குனிகார்னோட ஆவணமே சொல்லுது. கோர் எண்ணிக்கையை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டுங்கிறது அதே ஆவணம் தர்ற ஆரம்பக் கணக்கு. ஒரு கோருக்கு 3 தான் வருது.

என்னை நம்ப வேண்டாம், லேப்ல செஞ்சு பாருங்க. அரை மணி நேரம் போதும். முதல்ல 4 வொர்க்கர், அடுத்து 16. ரெண்டு தடவையும் அப்பாச்சி பெஞ்ச்ல ஒரே எண்ணிக்கையில் கோரிக்கைகளை ஒவ்வொண்ணா அனுப்புங்க. எஸ்ட்ரேஸ் கருவியை எண்ணிக்கை முறையில் ஓட்டி, அக்செப்ட் வரியில் எத்தனை பிழைன்னு குறிச்சுக்கோங்க. வேலை அதேதான்; பிழை மட்டும் வொர்க்கரோட சேர்ந்து ஏறினா, அதுதான் வீண் விழிப்பு. விஎம்ஸ்டாட்ல 'சிஎஸ்' பத்தியும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் எகிறுறதைக் காட்டும். ஒரு எச்சரிக்கை: எஸ்ட்ரேஸ் தானே சர்வரை மெதுவாக்கும், அது ஓடும்போது வேகத்தை அளக்காதீங்க.

அடுத்த ரிவ்யூல 'ஏன் இத்தனை வொர்க்கர்?'னு கேட்டா, 'நெட்ல பார்த்தோம் சார்'னு சொல்றதுக்குப் பதிலா இந்த ரெண்டு எண்ணையும் ஸ்லைடுல போடுங்க. கேள்வி கேட்கிற மேடமுக்கும் சாருக்கும் ஒரு வேண்டுகோள்: யாரும் அப்படிப் போடலைன்னா, தயவுசெஞ்சு நீங்களே கேளுங்க.