குவாரிக்கு முன் கிராமசபை

மதுரை அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்தது 2024 நவம்பரில். ஊர்க்காரர்களுக்குச் செய்தியே அதன் பிறகுதான் தெரிந்தது. கிராமசபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றம் டிசம்பர் 9 அன்று எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று பல்லாயிரம் பேர் மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. வென்றார்கள், சரி. ஆனால் தன் மலையைக் காக்க ஒரு விவசாயி ஏன் வயலை விட்டுத் தெருவுக்கு வர வேண்டும்? முதலிலேயே கேட்டிருக்கலாமே!

கடலோரக் கூனிமேட்டு மக்களும் இதைக் கவனிக்க வேண்டும். மேற்கே வானூர், திருவக்கரைப் பக்கம் 2 கோடி ஆண்டு பழைய கல்மரங்களுக்கு அருகிலேயே கல்குவாரிகள் இயங்குகின்றன. குழியில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றும். கடலோரமென்றால் இன்னும் மோசம்: நன்னீர் இறங்கிய இடத்தில் உப்புநீர் ஏறும். உப்பளத்துக்கு நடுவே இருப்பவர்களுக்குக் குடிநீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிராமசபையின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் குவாரிக்கும் ஏலம் விடக் கூடாது. அரசு இதைச் சட்டமாக்க வேண்டும். அதுவரை, ஆட்சேபம் இருந்தால் கிராமசபையில் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.