தடை போட்டார்கள், அக்னி நின்றதா?

ஹைதராபாத்: பொருளாதாரத் தடை ஒரு நாட்டைப் பணிய வைக்குமா என்ற கேள்விக்கு ஹைதராபாதின் காஞ்சன்பாக் பகுதியில் ஒரு விடை கிடைக்கும். ஏவுகணைகளை வடிவமைக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வுக்கூடமும் அவற்றைத் தயாரிக்கும் பாரத் டைனமிக்ஸ் நிறுவனமும் அங்குதான் உள்ளன. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததை அடுத்து, அமெரிக்கா வெளியிட்ட தடைப் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றன.

அணு சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட வேண்டும், ஏவுகணைத் திட்டத்தில் கட்டுப்பாடு காட்ட வேண்டும் என்பவை வாஷிங்டனின் முக்கிய எதிர்பார்ப்புகள். ஆனால் 1999 ஏப்ரல் 11-ல் அக்னி-2 விண்ணில் பாய்ந்தது. அடுத்த ஆறாம் நாள் வாஜ்பாய் அரசு மக்களவையில் ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அதற்குக் காரணம் அதிமுக ஆதரவை விலக்கிக் கொண்டது. அமெரிக்கத் தடை அல்ல.

பண நெருக்கடியும் எதிர்பார்த்த அளவுக்கு முற்றவில்லை. 1998 ஆகஸ்டில் பாரத ஸ்டேட் வங்கி வெளியிட்ட கடன் பத்திரங்கள் மூலம் வெளிநாடுவாழ் இந்தியர்களிடமிருந்து சுமார் 420 கோடி டாலர் திரண்டது. தேசபக்தி மட்டுமே இதற்குக் காரணம் என்பதற்கில்லை, 7.75 சதவீத வட்டியும் ஈர்த்தது. அமெரிக்காவிலோ, பாகிஸ்தானுக்கான கோதுமை விற்பனை பாதிக்கப்படுமே என்ற கவலையில், வேளாண் ஏற்றுமதிக் கடனுக்கு 1998 ஜூலையிலேயே விலக்கு அளிக்கப்பட்டது. தடை விதித்தவரே முதலில் தளர்ந்தார்.

இதனால் இந்தியாவுக்கு இழப்பே இல்லை என்று கூறுவது வெறும் மேடைப் பேச்சு. இலகுரகப் போர் விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்க அமெரிக்காவில் பணியாற்றிய நமது பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த விமானம் 2001 ஜனவரி 4-ல்தான் முதன்முறையாகப் பறந்தது. மேலும், இந்தியாவைப் போன்ற பெரிய உள்நாட்டுச் சந்தை எல்லா நாடுகளுக்கும் வாய்ப்பதில்லை. 1990-க்குப் பிறகு இராக்கில் தடையின் சுமையைத் தாங்கியது சதாம் உசேனின் அரண்மனை அல்ல, சாமானிய மக்கள்.

இந்தியா மீதான தடைகளில் பெரும்பாலானவற்றை அதிபர் புஷ் 2001 செப்டம்பர் 22-ல் நீக்கினார். இந்தியா இறங்கி வந்ததால் அல்ல. நியூயார்க் தாக்குதலுக்குப் பின் ஆப்கானிஸ்தான் போருக்கு இப்பிராந்தியத்தின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. ஆனால் காஞ்சன்பாகின் அந்த இரு பெயர்களும் பட்டியலிலிருந்து விடுபட 2011 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை.