டிரம்முக்குப் பூ அலங்காரம்!

இங்கிலாந்தின் "பீட்டில்ஸ்" இசைக்குழு 1970-ல் கலைந்து விட்டது. ஆனால், "நால்வரில் யார் கெட்டிக்காரர்?" என்ற ரசிகர்களின் சண்டை ஓயவில்லை!

லெனான், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரையும் புகழ்கிறார்கள். டிரம் அடித்த ரிங்கோ ஸ்டாரை மட்டும், "வெறும் அதிர்ஷ்டசாலி" என்று கேலி செய்கிறார்கள்.

இது தவறு.

ரிங்கோ இடது கைக்காரர். வலது கைக்காரருக்கு ஏற்றபடி வைத்த டிரம்களை வாசித்தார். அதனால் அவர் தாளம் தனி விதம்.

1968-ல் அவர் மனம் நொந்து விலகினார். மெக்கார்ட்னியே டிரம் அடித்துச் சமாளித்தார். ஆனாலும், "திரும்பி வா" என்று நண்பர்கள் தந்தி கொடுத்தார்கள். ரிங்கோ வந்து பார்த்தால், டிரம் எல்லாம் பூ அலங்காரம்!

தாளம், வீட்டுக்கு அஸ்திவாரம் போல. வெளியே தெரியாது. அதன் அருமை, கூட வாசித்தவர்களுக்குத் தெரிந்தது. ரசிகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.