கல்லுக்கு மேட் உண்டு; கண்ணீருக்கு?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளியைக் கேளுங்கள், தோழர்களே! வெடி வைப்பவனுக்குச் சான்றிதழ் வேண்டும். அவனுக்கு மேல் மேட். மேட்டுக்கு மேல் போர்மேன். அவருக்கும் மேல் மேலாளர். ஒவ்வொருவரும் அனுபவம் காட்டி, தேர்வெழுதிச் சான்று பெற்றாக வேண்டும் என்று வகுத்தவை 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகள். பெயர்தான் உலோகம், சுண்ணாம்புக்கல்லும் அதில் அடக்கம்.

கல்லை உடைக்க இத்தனை காவல்! உடைந்த உள்ளத்தைத் தொடுவதற்கு?

"ஆலோசனைதானே, ஆறுதலாய் நாலு வார்த்தை! அதற்கு மேற்பார்வை எதற்கு?" என்பார் சிலர். தேர்வு முடிவு வரும் இரவில் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாதிருக்கிறது என்பதை, 2017இல் குழுமூர் அனிதாவைப் பறிகொடுத்த இந்த மாவட்டம் அறியும். கலங்கிய பிள்ளை 104ஐ அழைக்கிறது. 2022 முதல் 14416ஐயும் அழைக்கிறது. மறுமுனையில் இருப்பவரும் மனிதர்தானே? வெறும் சோர்வென்று அவர் எண்ணியது, மனநல மருத்துவரிடம் உடனே அனுப்பவேண்டிய நோயாக இருக்கலாம். நாளெல்லாம் அழுகுரல் கேட்டு அவர் மனமே மரத்துப்போயிருக்கலாம். அதைக் கண்டு சொல்ல மூத்தவர் ஒருவர் வேண்டும். 'வந்தவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், ஏன் சொன்னாய்' என்று வாரந்தோறும் உட்காரவைத்துக் கேட்கும் மூத்தவர். அதிகாரி அல்ல, ஆசான்!

அந்த ஆசானுக்கு என்ன தகுதி? அமெரிக்காவின் டெக்சாசில், புதிய ஆலோசகர் 3,000 மணி நேரம் பிறர் மேற்பார்வையில் பணிபுரிந்தால்தான் முழு உரிமம். மேற்பார்வையாளரோ, உரிமத்தோடு 5 ஆண்டு பணியாற்றி, மேற்பார்வைக்கென்றே 40 மணி நேரம் பயின்றிருக்க வேண்டும். நன்றாக ஆறுதல் சொல்பவரெல்லாம் நன்றாகக் கற்பிப்பவர் ஆகிவிடார் என்று தெரிந்து வைத்த விதி அது.

இங்கே? மருத்துவ உளவியலாளருக்கு 1992ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கழகச் சட்டத்தில் பதிவேடு உண்டு. ஆலோசகரையும் ஒரு தொழிலாளராகச் சட்டம் தன் பட்டியலில் ஏற்றியது 2021இல்தான் — துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம். பட்டப்படிப்புக்கு 3,600 மணி என்று அதில் கணக்கிருக்கிறது. ஆனால் ஆலோசகரை மேற்பார்ப்பவர் யார், அவருக்கு என்ன தகுதி என்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. சுரங்கத்தில் மேட் இல்லாமல் வெடி வைக்கச் சொன்னால் சங்கம் சும்மா இருக்குமா?

அதே சட்டம் மாநிலந்தோறும் ஒரு குழுமம் அமைக்கச் சொல்கிறது. மேற்பார்வையாளருக்குத் தகுதி, அந்த மணிகளுக்கு ஊதியம் — இரண்டையும் அங்கே கேட்கவேண்டும். ஊதியத்தை நாம் மறக்கவே கூடாது. தொலைபேசி முனையில் உட்கார்ந்திருப்பவரும் தொழிலாளிதான். அதுவரை, உங்கள் பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துச் சென்றால், கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஐயா, உங்கள் வேலையைப் பார்ப்பவர் யார்?"