கோபுரத்துக்கு முன் ஆலை வளாகத்தில் சோதிப்போம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் 11 நிலைகளோடு 190 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. இத்தனை நூற்றாண்டு நின்றது இனியும் நிற்கும் என்று சும்மா இருந்துவிட முடியாது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரமும் அப்படித்தான் நின்றது. 2010 மே 26 அன்று சரிந்து விழுந்தது. அதிர்வுதான் அதைச் சாய்த்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் விரிசல் கண்ட பழைய சாந்துக்குச் சிறு அதிர்வும் சுமைதான். அந்த அதிர்வைத் தரைக்குள்ளேயே வேறு பக்கம் திருப்பிவிட முடியும் என்கிறது, அலைகளைத் தன் அமைப்பால் கட்டுப்படுத்தும் ‘மெட்டாமெட்டீரியல்’ பற்றிய ஆய்வு. நல்ல செய்திதான். ஆனால் அதை முதலில் எங்கே செய்து பார்ப்பது என்பதில் அவசரம் கூடாது.

பிரான்சின் கிரெனோபிள் அருகே 2012-இல் ஒரு சோதனை நடந்தது. 5 மீட்டர் ஆழம், 32 சென்டிமீட்டர் அகலத்தில் குழிகளை, இரண்டு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாகத் தோண்டினார்கள். வினாடிக்கு 50 முறை தரையை அதிரவைத்தபோது, இரண்டாவது வரிசையைத் தாண்டி அதிர்வு அதிகம் போகவில்லை. ஒவ்வொரு குழியும் சிதறடிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே காரணம். கவனிக்க வேண்டியது, அங்கே அலைநீளம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். நிலநடுக்க அலைக்கோ அது நூறு மீட்டரையும் தாண்டும். குழியும் அதற்கேற்ப வளர வேண்டும். ஆகவே கோபுரத்துக்கு ‘நிலநடுக்கக் கவசம்’ என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் சந்தேகப்படுவதே சரி. சுரங்க வெடிப்புக்கான நம் நாட்டின் 1997 சுற்றறிக்கை, வரலாற்றுச் சின்னங்களுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் (வினாடிக்கு 8 முறை) கீழ் வினாடிக்கு 2 மில்லிமீட்டர் அதிர்வு வேகத்தை மட்டுமே அனுமதிக்கிறது. மெதுவான அதிர்வில்தான் ஆபத்து அதிகம். திருப்புவதற்குக் கடினமானதும் அதுவே. இன்னொன்று, திருப்பிய அதிர்வு மறைந்துவிடாது. கிரெனோபிளில் அது வந்த பக்கமே திரும்பியது. கோயிலைக் காக்கப்போய் ரதவீதி வீடுகளுக்கு அதை அனுப்பிவிடக் கூடாது.

அதனால் கோபுரத்தில் இப்போது வேண்டியது அளவுக்கருவி மட்டுமே. ஆடிப்பூரத் தேரோட்டம் உட்பட ஓராண்டுக்கு அடியிலும் உச்சியிலும் அளக்க வேண்டும். பக்கத்தில் சாலைப்பணி நடந்தால் ரோலரின் அதிர்வை நிறுத்திவிட்டு ஓட்டச் சொன்னால் போதும், அதற்கு ஆராய்ச்சி எதற்கு? குழிச் சோதனையை ராஜபாளையம் ஆலை ஒன்றின் காலி மனையில் செய்யலாம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் ஜெனரேட்டர் தரும் அதிர்வு வினாடிக்கு 25 முறை என ஒரே சீராக இருக்கும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்காக வடிவமைக்கும் இந்த முறைக்கு அது பொருந்தும். இயந்திரத்தின் அடியில் ரப்பர் மெத்தை போட்டால் தீராதா என்று கேட்கலாம். அந்த ஜெனரேட்டருக்குத் தீரும். நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கெல்லாம் மெத்தை போட முடியாதே. நீள அகழி வெட்டலாம் என்பார்கள். சில இடங்களில் அதுவே மேல். ஆனால் அதை மழைக்கும் மண்சரிவுக்கும் காத்துத் திறந்தே வைத்திருக்க வேண்டும். நம் மண்ணில் எது எடுபடும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். செய்து பார்க்க ஆள் இல்லாமலும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இதே மெட்டாமெட்டீரியல் வழியில், துளைகள் நிறைந்த உலோகக் கட்டை வழியே மீயொலியைச் செலுத்தி, அலைநீளத்தைவிடச் சிறிய குறைகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐந்து மீட்டர் குழி நம் போர்வெல் வண்டிகளுக்கு ஒரு வேலையே இல்லை. செலவெல்லாம் கருவியிலும் கணக்கிலும்தான்.